ஈரக்கையும் நூறு ரூபாய்த் தாளும்: கல்லடியில் எடுத்த ஒரு வீதிப் படத்தைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் ஒரு ஞாயிறு காலை, மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்குச் சற்று அப்பால் வீதியோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருவரை, அவர் அறியாமல் நான் எடுத்த ஒரேயோர் ஒளிப்படத்தைப் பற்றியது இந்த ஆய்வு. எடுத்தவனும் நான், வெளியிட்டவனும் நான், பின்னர் அவருடைய வீட்டுத் திண்ணையில் தலைகுனிந்து இருந்தவனும் நான் என்பதால், நடுநிலையான மூன்றாமவர் ஒருவரின் அறிக்கையாக இதை யாரும் வாசிக்க வேண்டாம். எழுதுவதற்கு அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். பெயரையும், எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி என்பதையும் தவிர்த்திருக்கிறேன். படத்தையும் இங்கே இணைக்கவில்லை. காரணம் வாசித்துச் செல்லும்போது விளங்கும்.

எடுத்த விதம்

நான் பயன்படுத்துவது ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100வி. அதன் 23 மில்லிமீற்றர் வில்லை பழைய பிலிம் கணக்கில் 35 மில்லிமீற்றருக்குச் சமமான பார்வையைத் தரும். ஷட்டர் வில்லைக்குள்ளேயே அமைந்திருப்பதால், சந்தை இரைச்சலில் அதன் ஓசை எடுப்பவனுக்கே கேட்காது. துவாரத்தை எஃப் 8இலும் குவியத்தை இரண்டரை மீற்றரிலும் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ ஒன்றரை மீற்றரிலிருந்து பத்து மீற்றர் வரை இருப்பதெல்லாம் தெளிவாக விழுந்துவிடும் என்பதால், கமெராவைக் கண்ணருகே உயர்த்த வேண்டிய தேவையும் இல்லை. நெஞ்சளவில் தொங்கவிட்டபடி, எதிரே இருக்கும் தேநீர்க் கடையைப் பார்ப்பவன்போல நின்று அழுத்தலாம். வீதிப் படம் எடுக்கப் பழகும் ஒவ்வொருவரும் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தை இதுதான். நானும் அதில் ஒரு காலத்தில் பெருமைப்பட்டவன்.

அன்று காலை ஏழு மணியளவில் வெயில் கடற்பக்கமிருந்து சாய்வாக வந்து, மீன் பெட்டிக்கு மேலே கட்டியிருந்த நீலத் தறப்பாளின் ஊடாகக் கசிந்துகொண்டிருந்தது. பலகையில் மணலையும், ஒரு பேசின் நிறைய வாவி இறாலும் இருந்தன. வாங்க வந்தவர் நூறு ரூபாய்த் தாளொன்றை நீட்டினார். அந்த அம்மாவின் வலக்கையில் மீன் செதிலும் தண்ணீரும். இடக்கையில் சொப்பிங் பேக். ஆகவே அவர் கழுத்தை நீட்டி, தாளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, பையின் வாயை முடிச்சிடத் தொடங்கினார். தறப்பாளின் நீலம் அவருடைய நெற்றியில் விழுந்திருந்தது. கண்கள் முடிச்சைப் பார்த்தபடி தாழ்ந்திருந்தன. உதடுகளுக்கிடையில் தாள் இரண்டாக மடிந்து நின்றது.

ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை அழுத்தினேன். வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தபோது இரண்டு அசைந்து கெட்டிருந்தன. இரண்டில் அவர் வாங்கியவரோடு ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் வீதியைப் பார்த்தபடி இருந்தார். ஆறாவதுதான் தாளைக் கவ்விய படம். தெரிவு செய்ய எனக்கு ஒரு கணமும் ஆகவில்லை. சிரித்த படங்கள் இரண்டையும் இரண்டாவது முறை திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த இடத்துக்குப் பிறகு திரும்ப வரவேண்டியிருக்கும்.

படம் போன வழி

அன்று மாலையே முகநூலில் இட்டேன். தலைப்பு, இடம், விளக்கம் எதுவும் எழுதவில்லை. படம் தானே பேச வேண்டும், எழுத்து அதற்கு ஊன்றுகோல் ஆகக்கூடாது என்பது அந்நாளில் என் கொள்கையாக இருந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். மறுநாள் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பக்கம், என் பெயரை வெட்டிவிட்டு, "பெற்ற பிள்ளைகள் கைவிட்ட தாய், மனசாட்சி உள்ளவர்கள் பகிரவும்" என்ற வரியோடு அதை வெளியிட்டது. நான் வெறுமையாக விட்ட இடத்தில் வேறொருவர் குடியேறிக்கொண்டார். அடுத்த இரண்டு நாட்களில் அதே வரி சிறிது சிறிதாக வளர்ந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் சொகுசாக வாழ்கிறார்கள் என்பதுவரை வந்துவிட்டது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் கண்ணீர் வடிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. ஒருவர் வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டிருந்தார்.

உண்மை நிலைமை பிறகு எனக்குத் தெரிந்தவாறு இது: அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கட்டாரில் வேலை செய்து மாதந்தவறாமல் பணம் அனுப்புகிறான். மட்டக்களப்புப் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வது வழக்கம் என்பதும், மகளின் வீடு எழும்பி முடியும்வரை ஒரு குடும்பம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைக்கும் என்பதும் இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகன் அனுப்பிய பணத்தில் சுவர் எழும்பியது. நிலைக்கும் கதவுக்கும் ஓட்டுக்கும் காசு போதாமல், முழங்கால் வருத்தத்தினால் விட்டிருந்த மீன் வியாபாரத்தை அம்மா மறுபடியும் தொடங்கியிருந்தார். மகனுக்கு அதைச் சொல்லவில்லை. "நீ போதுமான அளவு அனுப்புகிறாய்" என்றே தொலைபேசியில் சொல்லி வந்திருக்கிறார்.

மகன் அந்தப் படத்தைத் தன் அறைத் தோழனின் கைத்தொலைபேசியில் பார்த்தான்.

வாசலுக்கு வந்தவர்

நான்காம் நாள் மாலை, அந்த அம்மாவின் தம்பி என் வீட்டு வாசலுக்கு வந்தார். என் பெயரையும் முகத்தையும் வைத்து ஒரு ஹாட்வெயார் கடைக்காரரைக் கேட்டு, அவர் மூலம் என் மாமா ஒருவரைப் பிடித்து, மூன்றாவது ஆளில் வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி, நீங்க இன்னாரிட மகன்தானே, உங்கட அப்பாவும் நானும் ஒண்ணாப் படிச்ச" என்றார். அடுத்த வசனம்தான் விடயம்: "அக்காட படத்த ஆரு போடச் சொன்ன?"

மகன் தாயோடு மூன்று வாரம் பேசவில்லை. என்னை ஊர் முழுக்க நன்றி கெட்டவனாக்கிவிட்டீர்கள் என்று அவன் சொன்னதாகத் தம்பி சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தை நிறுத்தவில்லை, ஆனால் ஒரு மாலை நேரத்தில் ஐந்து பேராக வந்து, வீட்டு வேலை எப்போது முடியும், கடன் ஏதும் இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டதே அவர்களுக்குப் பெரிய காயம்.

என் பதிவை அந்த நிமிடமே அழித்தேன். பிரதி எடுத்த பக்கங்களுக்கு எழுதினேன். இரண்டு நீக்கின, ஒன்று "நல்ல நோக்கத்துக்காகவே போட்டோம்" என்று பதில் அனுப்பியது, மற்றவை பதிலே தரவில்லை. முகநூலுக்கு முறைப்பாடு செய்ய முயன்றபோது தெரிந்தது, படத்தில் இருப்பவரே முறையிட்டால் அது தனியுரிமை விடயம், எடுத்தவன் முறையிட்டால் அது பதிப்புரிமை விடயம் என்று அங்கே இரண்டும் வெவ்வேறு வாசல்கள். என் படம் திருடப்பட்டது என்று நான் முறையிட வேண்டியிருந்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படியும் படத்தின் உரிமை எடுத்தவனுக்கே உரியது. அந்த அம்மாவின் முகத்துக்கு நான் சொந்தக்காரன் என்று நிரூபித்துத்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது என்பது எனக்கு இன்னும் செரிக்காத விடயம்.

திண்ணையில்

ஒரு கிழமை கழித்து, தம்பியின் துணையோடு அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். சீமெந்துக் கல் சுவர் பூசப்படாமல் இருந்தது. நிலை வைக்க விட்ட இடைவெளிகளில் பழைய தகரம் சாத்தியிருந்தார்கள். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அது சரியா பிழையா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். சிறிது நேரம் பார்த்தார். "இஞ்ச பாரு, எங்கட அம்மாவப் போல கிடக்கு" என்று மகளிடம் சொன்னார். பிறகு விரலைத் தாளின்மேல் வைத்து, கோபமே இல்லாத குரலில், எனக்கு ஏதோ தெரியாத ஒன்றை விளக்குவதுபோல, "கை ஈரம் மனே. அதுதான் வாயில வச்ச" என்றார்.

என் பார்வையில் அந்தப் படத்தின் உயிர் முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. வறுமை, உழைப்பு, மௌனம் என்று நான் அதில் வாசித்ததெல்லாம் அவருக்கு ஒரு கை ஈரமாக இருந்தது. மீன் விற்கும் எவரும் நாளுக்குப் பத்துத் தடவை செய்யும் காரியம் அது. ஆனால் பார்ப்பவர்களுக்குக் காசை வாயில் கவ்வும் பெண்ணாகத் தான் தெரிவதை அவர் நன்றாக அறிந்திருந்தார். முகம் தெரிந்ததைப் பற்றியோ, கேட்காமல் எடுத்ததைப் பற்றியோ அவர் ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியாக அவர் கேட்டது வேறு: "சிரிச்ச மாதிரி ஒண்டும் எடுக்கல்லயா?"

எடுத்திருந்தேன், இரண்டு. இரண்டையும் ஒதுக்கியிருந்தேன். ஏன் ஒதுக்கினேன் என்று நேர்மையாகப் பார்த்தால், என் கண் எங்கே பழகியது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்த பின்னும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னும், தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளின் அட்டைகளில் கிழக்கு மாகாணம் என்பது எப்போதும் வாடிய ஒரு முகமாகவே அச்சாகி வந்தது. நான் ஒளிப்படம் பழகிய காலம் அதுதான். எங்களூர் அம்மா ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம் "கனமில்லாத படம்" என்று எனக்குத் தோன்றியது தற்செயல் இல்லை. கேட்காமல் எடுத்ததைக் காட்டிலும், ஆறில் ஒன்றைத் தெரிந்தெடுத்த அந்தக் கணத்தையே நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

பொது இடத்தில் எடுத்தது குற்றமா என்று பலர் என்னைக் கேட்டார்கள். இல்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தனியுரிமையைத் தனியொரு அடிப்படை உரிமையாகக் கூறவில்லை. 2015இல் 19ஆவது திருத்தம் சேர்த்த தகவல் அறியும் உரிமைக்கான வரையறைகளுள் ஒன்றாகவே அச்சொல் அங்கே வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் ஒருவர் முற்றிலும் தன் சொந்தத் தேவைக்காகச் செய்வதைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக வந்த 'ஆக்ஷியோ இன்ஜூரியாரும்' என்ற பரிகாரத்தின்கீழ் மானநட்டம் கேட்கலாம். அதற்கு இழிவுபடுத்தும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். எனக்கு அந்த எண்ணம் இருக்கவில்லை, ஆகவே சட்டத்தின் முன் நான் சுத்தமானவன். திண்ணையில் இருந்தபோது அது ஒரு துளியும் உதவவில்லை.

வெளிநாடுகளில் இக்கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. நியூயோர்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் சாரக்கட்டில் மின்னொளி விளக்கைப் பொருத்திவிட்டு, நடந்து போவோரைத் தூரத்திலிருந்து எடுத்த பிலிப் லோர்கா டிகோர்சியா, அவற்றுள் 17 படங்களை 2001இல் காட்சிக்கு வைத்தார். அதில் இருந்த யூத முதியவர் ஒருவர் தன் மத நம்பிக்கைக்கு அது விரோதம் என்று வழக்குத் தொடுத்தார். 2006இல் நீதிமன்றம் அதைக் கலை என்று கொண்டு வழக்கைத் தள்ளியது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998இல் நேரெதிராகத் தீர்ப்பளித்தது: மொன்றியலில் ஒரு கட்டடத்தின் படியில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றி வெளியிட்ட சஞ்சிகைக்கும் எடுத்தவருக்கும் எதிராக 2,000 டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த பாதிப்பாக வழக்கில் சொல்லப்பட்டது, பள்ளித் தோழர்கள் கேலி செய்தார்கள் என்பது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வாசித்தபோது, கனடிய வழக்கே கல்லடிக்குப் பக்கத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது, ஏனெனில் அங்கே பார்த்துச் சிரித்தவர்கள் அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள்.

அந்நியர் என்பவர் யார்

வீதி ஒளிப்படக் கலையின் இலக்கணம் முழுவதும் பெருநகரத்தில் பிறந்தது. எடுப்பவனும் எடுக்கப்படுபவரும் இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை, படத்தைப் பார்ப்பவர் அந்த முகத்தை அறியமாட்டார் என்ற இரண்டு அனுமானங்களின் மீதுதான் அது நிற்கிறது. மட்டக்களப்பில் இரண்டும் பொய். புளியந்தீவிலிருந்து காத்தான்குடிவரை ஒரு மனிதனை இடம்காண எந்த ஊர், என்ன குடி (தாய்வழிக் குலம்), யாருடைய பிள்ளை என்ற மூன்று கேள்வி போதும். என் வீட்டைத் தம்பி கண்டுபிடித்ததும் அதே வழியில்தான். இவ்வூரில் வீதியில் போகும் எவரும் எனக்கு அந்நியராகத் தோன்றினால், நான் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். கிழக்கில் ஒருவரை அவர் அறியாமல் அடையாளம் காண்பது என்ற செயலுக்கு நீண்ட, கொடிய வரலாறு இருக்கிறது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்தவர்கள் முகமூடி அணிந்த தலையாட்டிகளின் (தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுப்பவர்களின்) முன்னால் வரிசையில் விடப்பட்டு, 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்று வீதியில் நிற்கும்போது, எதிரே சாதாரண உடையில் நின்று படம் எடுப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின் பல மாதங்களுக்குக் கமெராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதே கேள்விக்குரிய காரியமாக இருந்தது. ஆகவே "ஆருக்குப் படம்?" என்று ஒரு முதியவர் கேட்டால், கலையுணர்வு இல்லாதவர் என்று நினைத்துவிடக்கூடாது. அவர் அனுபவத்திலிருந்து கேட்கிறார்.

இவற்றையெல்லாம் என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. அவரும் படம் எடுப்பவர், நாவலடியில் வளர்ந்தவர். சுனாமியில் அவர்களுடைய வீட்டில் ஆல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவருடைய அம்மாவின் இளமைக்காலப் படமென்று இன்று அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று: யாரோ ஒருவர் கோயில் திருவிழாக் கூட்டத்தைக் கேட்காமல் எடுத்த படத்தின் ஓரத்தில், கச்சான் கொட்டையைக் கையில் வைத்தபடி அவர் நிற்கிறார். "கேட்டிருந்தா கூட்டம் கலைஞ்சிருக்கும், அம்மாவும் விலகியிருப்பா" என்றார் நண்பர். இந்த வாதத்துக்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்தவர் அன்றிரவே அதை உலகத்துக்கு அனுப்பவில்லை. அது இருபது வருடம் ஒரு லாச்சிக்குள் கிடந்தது. எடுப்பதையும் வெளியிடுவதையும் கைத்தொலைபேசி ஒரே செயலாக ஒட்டிவைத்துவிட்டது, நான் அவற்றைப் பிரித்துவைக்க முயல்கிறேன்.

இப்போதைய நடைமுறை

எடுப்பதை நிறுத்தவில்லை. நெஞ்சளவில் மறைத்து எடுப்பதை நிறுத்திவிட்டேன். கமெரா கண்ணில் இருக்கும், பார்ப்பவர் பார்க்கட்டும். எடுத்தபின் போய்த் திரையைக் காட்டுகிறேன். பாதிப்பேர் சிரிக்கிறார்கள், சிலர் அழிக்கச் சொல்கிறார்கள், அவர்கள் முன்னாலேயே அழிக்கிறேன். முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிப் பக்கம் பெண்களை எடுப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அங்கே ஒரு நானா ஒருமுறை சொல்லித் தந்த பாடம் அது. முகம் தெளிவாகத் தெரியும் எந்தப் படமும் அச்சாக முதலில் அவரிடம் போய்ச் சேர்ந்த பிறகே வெளியே போகும், அதுவும் இடமும் நாளும் செய்த வேலையும் எழுதிய வரியோடு. வெறும் படமாக எதையும் விடுவதில்லை.

இதனால் இழந்தவை உண்டு. அறியாமல் எடுத்த முகத்தில் இருக்கும் தளர்வு, அறிந்த முகத்தில் வராது. கடந்த வருடம் காந்தி பூங்காவில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த படம் ஒன்று, அதில் இருந்த இளைஞன் வேண்டாம் என்று தலையாட்டியதும் அழிந்து போயிற்று. அன்று மாலை முழுவதும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த அம்மாவுக்குச் சிரித்த படங்கள் இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தேன். ஒன்று கட்டாருக்குப் போனது. மகளின் கலியாணம் மறு வருடம் ஆவணியில் நடந்தது. என்னைப் படம் எடுக்கக் கூப்பிடவில்லை, சாப்பிடக் கூப்பிட்டார்கள். தாளைக் கவ்விய படம் என் கணினியில் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன் அது மறுபடியும் ஒரு பக்கத்தில் தென்பட்டது. இம்முறை ஓரங்கள் வெட்டப்பட்டு, நீலம் கறுப்புவெள்ளையாக்கப்பட்டு, இராமேசுவரத்துத் தாய் ஒருவரின் கண்ணீர்க் கதை என்று அதன் கீழே எழுதியிருந்தது. நீக்கும்படி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.